மூன்றாவது எலுமிச்சம்பழம்

விமானத் தொழிலில் இருந்தேன் என்று சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் முதலில் என் தொப்பையைப் பார்ப்பார்கள், அப்புறம் மூக்குக் கண்ணாடியைப் பார்ப்பார்கள், கடைசியில் மரியாதைக்காக "பைலட்டா சார்?" என்று கேட்பார்கள். இல்லை என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வரும். நான் விமானம் ஓட்டியவன் அல்ல. ஓட்டலாமா வேண்டாமா என்று கையெழுத்துப் போட்டவன். ஓட்டியவர்களுக்குச் சீருடையும் கறுப்புக் கண்ணாடியும் கிடைத்தன. எனக்குப் பேனா கிடைத்தது. அதையும் சட்டைப் பையில் கயிறு போட்டுக் கட்டித்தான் வைத்திருக்க வேண்டும். அது ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். அப்பாவுக்குத் தெரிந்த உலகத்தில் பட்டையைக் கீறிப் பால் மரம் வெட்டுகிறவர்களுக்கு மேலே தண்டல், தண்டலுக்கு மேலே கணக்கெழுதும் கிராணி, கிராணிக்கு மேலே துரை. துரைக்கு மேலே கடவுள் இருக்கிறார் என்று சொல்வார்கள், ஆனால் அவர் சம்பள நாளில் வந்து யாரும் பார்த்ததில்லை. மகன் கிராணியாக வேண்டும் என்றுதான் அப்பா என்னை ஈப்போவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். நான் எழுபதுகளின் தொடக்கத்தில் விமானப் படையில் தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டேன். அப்பா ரொம்ப நாள் வருத்தப்பட்டார். "கிராணியா இருந்தா நிழல்ல உக்காரலாம்" என்பார். பத்து வருடத்துக்கு மேல் விமான இறக்கையின் நிழலிலேயே உட்கார்ந்திருந்தேன் என்பதை அவருக்குப் புரியவைக்க முடியவில்லை.

படையில் இருந்து வெளியே வந்ததும் ஈப்போ விமானத் தளத்தின் ஓரத்தில் இருந்த ஒரு தனியார் பட்டறையில் ஆய்வாளர் வேலை கிடைத்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. படைக்குச் சொந்தமான சின்ன விமானங்களும், தோட்டங்களுக்கு மருந்து தெளிக்கிற விமானங்களும் எங்களிடம் பழுது பார்க்க வரும். வேலை முடிந்ததும் நான் பார்த்து, தட்டி, தடவி, சந்தேகப்பட்டு, கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கிற வேலை உலகத்தில் அதிகம் கிடையாது. என் மனைவி அந்தத் திறமையை வீட்டுக்குக் கொண்டு வர வேண்டாம் என்று முதல் மாதமே சொல்லிவிட்டாள்.

எங்கள் பட்டறையில் ஒரு பெரிய பலகை உண்டு. ஒவ்வொரு ஸ்பேனருக்கும், ஒவ்வொரு திருப்புளிக்கும் அதன் உருவத்தையே கறுப்புச் சாயத்தில் அதில் வரைந்திருப்பார்கள். ஸ்பேனரை எடுத்தால் அந்தக் கறுப்பு உருவம் தெரியும். அதன் மேல் உன் எண் போட்ட பித்தளை வில்லையை மாட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். மாலையில் பலகையில் ஒரு கறுப்பு தெரிந்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது, விமானமும் எங்கேயும் போகாது. உள்ளே வந்த எந்தப் பொருளும் கணக்கில் வராமல் போகக் கூடாது. விமானத்துக்குள் தொலைந்த ஒரு திருகாணி, மேலே போன பிறகு எந்த இடுக்கில் போய்ச் சிக்கும் என்று அதைச் செய்தவனுக்கே தெரியாது. என் பேனாவுக்குக் கயிறு கட்டியதும் அதனால்தான்.

இந்தப் பட்டறைக்குத்தான் என் மச்சினன், மனைவியின் தம்பி, வந்து சேர்ந்தான். அவன் தோட்டத்து ரப்பர் பேக்டரியில் பிட்டராக இருந்தவன். தோட்டத்தில் பால் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை போட்டார்கள். பேக்டரியை மூடினார்கள். வருடக் கடைசிக்குள், தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அவனும் என் மாமியாரும் மட்டும்தான் அந்த வீட்டில். எங்கள் இன்ஜினியர் ஒரு துருப்பிடித்த பம்ப்பைக் கொடுத்துப் பிரித்துப் பூட்டச் சொன்னார். செய்தான். தற்காலிகமாக எடுத்துக்கொண்டார்கள். நிரந்தரமாவது அந்த வருடக் கடைசியில் இன்ஜினியர் எடுக்கிற முடிவு.

எல்லாமே அந்த முடிவில்தான் தொங்கியது. ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தான். வீட்டுக்காரர் நிரந்தர வேலைக் கடிதத்தைக் காட்டினால்தான் சாவியைக் கொடுப்பேன் என்றார். கடிதம் வராவிட்டால் ஆயர் தாவார் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் பெரிய மச்சினனிடம் போய்க் குலை வெட்ட வேண்டியதுதான். மாமியாருக்கு மூத்த மருமகளோடு ஒரே அடுப்பில் சமைப்பதைவிட பட்டினி கிடப்பதே மேல். என் மனைவி தினமும் நான் சட்டையைக் கழற்றும் முன்னே கேட்பாள்: "தம்பிக்கு லெட்டர் வந்துச்சா?"

"நான் இன்ஜினியர் இல்ல."

"நீங்க அங்க என்னாதான் பண்றீங்க?"

இந்தக் கேள்விக்குப் பணி ஓய்வு வரைக்கும் திருப்தியான பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

ஆயுத பூசை வந்தது. மச்சினன் என் மேசைக்கு வந்து நின்றான்.

"மச்சான், தோட்டத்துல பேக்டரிக்கு வருசா வருசம் பூசை போட்டோம். மெஷினுக்கு மாலை, ஸ்பேனருக்குப் பொட்டு, அன்னைக்கு ராத்திரி எந்தச் சாமானையும் தொட மாட்டோம். இங்க ஒண்ணும் இல்லாம எப்படி லா?"

"இங்க சாமி வந்தாலும் கேட்டுல பேரெழுதிட்டுத்தான் வரணும்."

"அப்ப எழுதிக் குடுங்க. எல்லாத்துக்கும்தான் ரூல்ஸ் வச்சிருக்கீங்களே, இதுக்கு ஒண்ணு இருக்காதா?"

இல்லை. அதுதான் எனக்கு வருத்தம். எல்லா நடைமுறையும் எனக்குத் தெரியும். கடவுளை உள்ளே விடுவதற்கு ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. ஆகவே இன்ஜினியரிடம் போனோம். அவர் ஈப்போச் சீனர், வயதானவர், மெலிந்தவர். மலாயும் இங்கிலீஷும் கலந்து, எங்கள் ஊரில் எல்லாரும் போடுகிற 'லா'வோடு பேசுவார். தமிழில் அவருக்குச் சாப்பாட்டுச் சொற்கள் மட்டும் நன்றாகத் தெரியும். கேட்டுவிட்டு மச்சினனைப் பார்த்தார்.

"உன் சாமி ஸ்பேனரை எண்ணிப் பார்க்குமா?"

"பார்க்கும் பாஸ்."

"நல்லது லா. எனக்கு இன்னொரு ஆய்வாளர் கிடைச்சாச்சு. இவன் மாதிரி முகத்தைத் தூக்கிவச்சுக்காம இருந்தா சரி."

நிபந்தனைகளை நான்தான் எழுதினேன். பூசை சாமான் அறையில் மட்டும். பொட்டு பலகையின் மரச் சட்டத்தில் மட்டும், சாமான்களில் கூடாது. பெட்ரோல் வாடை வருகிற இடமாதலால் கற்பூரம் வாசலுக்கு வெளியே. விமானத்தின் பக்கம் பூ, பொரி, பழம் ஒன்றும் போகக் கூடாது. தெய்வத்துக்கு இத்தனை நிபந்தனை போட்ட ஆள் பேராக் மாநிலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பூசை நன்றாகவே நடந்தது. கேண்டீன் அக்கா வீட்டிலிருந்து பித்தளை விளக்கு கொண்டு வந்தாள். சுண்டலும் அவளே செய்தாள். வெல்டிங் போடுகிற சீனர் தனக்கும் நெற்றியில் பொட்டு வேண்டும் என்று வரிசையில் நின்றார். ஸ்டோர் பார்க்கிற மலாய்க்காரர் கொஞ்சம் தள்ளி நின்று, யாரும் கிளம்பும் முன்னே பலகையை ஒரு முறை எண்ணினார், எண்ணிவிட்டுப் பிள்ளைகளுக்கு என்று கடலைப் பொட்டலம் வாங்கிக்கொண்டார். கறுப்பு எங்கேயும் தெரியவில்லை. நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். ஆய்வாளர் நிம்மதியாக வீட்டுக்குப் போவது நல்ல அறிகுறி அல்ல.

மறுநாள் காலை படையின் சின்ன விமானம் ஒன்று திரும்பிப் போக வேண்டிய நாள். அதை ஓட்டிப்போக ஓர் அதிகாரி வந்து ஈப்போவில் தங்கியிருந்தார். அவரைக் கூட்டிவர இன்ஜினியர் காரை எடுத்துக்கொண்டு போயிருந்தார். ஆட்கள் விமானத்தைக் கொட்டகைக்குள்ளேயே வாசல் வரை தள்ளி நிறுத்தினார்கள். நான் கையெழுத்துக்கு முன் கடைசிச் சுற்று சுற்றிக்கொண்டிருந்தேன். மச்சினன் வந்தான். கையில் நசுங்கிப்போன எலுமிச்சம்பழம் இரண்டு.

"மச்சான், திட்டாதீங்க."

"கேட்ட பிறகு முடிவு பண்றேன்."

"சக்கரத்துக்குப் பழம் வச்சேன்."

"எந்தச் சக்கரத்துக்கு?"

"நீங்க எதை நினைச்சுப் பயப்படுறீங்களோ, அதுக்குத்தான்."

நம் ஆட்கள் பூசையன்று லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை அதன் மேல் ஏற்றி நசுக்குவார்கள். கண் திருஷ்டி போகும். பலகைக்குப் பொட்டு வைத்துவிட்டுச் சக்கரமுள்ள ஒன்றைச் சும்மா விட்டுப் போக மச்சினனுக்கு மனம் வரவில்லை. முந்தின நாள் சாயங்காலம் எல்லாரும் சுண்டலில் மும்முரமாக இருந்தபோது மூன்று சக்கரத்துக்கும் முன்னால் மூன்று பழம் வைத்திருக்கிறான். காலையில் எப்படியும் தள்ளுவார்கள், தன்னால் நசுங்கும், வேலைக்கு வேலையும் ஆச்சு, பூசைக்குப் பூசையும் ஆச்சு என்று கணக்கு. பின் சக்கரத்துப் பழம் இரண்டும் நசுங்கின. முன் சக்கரத்துப் பழத்தைக் காணோம். நசுங்கின சுவடும் இல்லை, ஒரு துளி சாறும் இல்லை.

"நல்லாத் தேடினியா?"

"தேடிட்டுத்தான் வாரேன்."

"யாராவது பாத்தாங்களா, நீ வைக்கிறத?"

"யாரும் பாக்கல."

நான் கேட்டது எதற்கு என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. "பேசாம இருந்திருக்கலாம்தான் மச்சான்," என்றான். "வருசக் கடைசி வேற வருது. ஆனா மேல போறது ஒரு மனுசன் லா."

நான் விமானத்தில் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டேன். சிவப்பு அட்டை தொங்கினால் யார் வந்தாலும் அது பறக்காது. கொட்டகைக் கதவை மூடச் சொன்னேன். தொலைந்த பொருள் கிடைக்கும் வரை யாரும் வெளியே போகக் கூடாது என்பது நடைமுறை. 'எங்கேயாவது உருண்டு போயிருக்கும்' என்று வெல்டிங்காரர் சொன்னார். போயிருக்கும்தான். ஆனால் 'போயிருக்கும்' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போடுவதற்கு என் படிவத்தில் இடம் இல்லை.

தேடினோம். தரையில் வரிசையாக முட்டி போட்டு ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை நகர்ந்தோம். அலமாரிகளை நகர்த்தினோம். சாக்கடையின் கம்பியைத் தூக்கிப் பார்த்தோம். தொலைந்ததாக யாரும் சொல்லாத ஒரு செருப்பு கிடைத்தது. பழம் கிடைக்கவில்லை.

பொருள் கிடைக்காவிட்டால் இரண்டாவது வழி ஒன்று உண்டு. அது விமானத்துக்குள் இருக்கவே முடியாது என்று நிரூபிக்க வேண்டும். மச்சினனின் மோட்டார் சைக்கிள் கூடையில் மிச்சப் பழங்கள் இருந்தன. காவல்காரர் கதவு இடுக்கு வழியாக ஒன்றைக் கொடுத்தார். அதில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டினேன்.

"நாடா எதுக்கு மச்சான்? அதுக்கும் பூசையா?"

"தேடப் போன பழமும் தொலைஞ்சா, நானும் உன்கூட ஆயர் தாவாருக்கு வரணும்."

அந்தப் பழத்தை எடுத்துக்கொண்டு விமானத்தின் ஒவ்வொரு திறப்பாகப் போனோம். இன்ஜின் மூடியின் காற்று வாயில் வைத்துப் பார்த்தோம், நுழையவில்லை. வால் பக்கத்து ஓட்டைகளில் நுழையவில்லை. கதவடியில் நுழையவில்லை. நான் நுழையவில்லை என்று உரக்கச் சொல்வேன், ஸ்டோர்க்காரர் எழுதிக்கொள்வார். முன் சக்கரத்துக் கால் மேலே போகிற இடத்தில் மட்டும் அது வாகாக உள்ளே போனது. அந்த மூடியைக் கழற்ற வேண்டும். மச்சினன் பலகையில் வில்லையை மாட்டிவிட்டுத் திருப்புளியோடு வந்து படுத்தான். நெற்றியில் காலையில் இட்ட திருநீறு வியர்வையில் கரைந்து கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து இன்ஜினியரின் கார் வந்தது. கதவைப் பாதி திறந்தோம். உள்ளே வந்த படை அதிகாரி, இளம் மலாய்க்காரர், முட்டி போட்ட ஆட்களையும், அவருடைய விமானத்தின் அடியில் படுத்திருந்தவனையும், நாடா கட்டிய எலுமிச்சம்பழத்தோடு நின்ற என்னையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. படையில் நல்ல பயிற்சி கொடுக்கிறார்கள்.

இன்ஜினியர்தான் கேட்டார். நான் சொன்னேன். யார் வைத்தது என்று நான் சொல்வதற்கு முன்பே மச்சினன் அடியிலிருந்து தலையை நீட்டி, "நான்தான் பாஸ்," என்றான்.

இன்ஜினியரின் முகம் இறுகியது. விமானத்தின் பக்கம் எதுவும் போகக் கூடாது என்று அவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தார். முன்னே ஓர் அடி வைத்தவர் அப்படியே நின்றார்.

"எலுமிச்சம்பழமா?"

"ஆமா பாஸ்."

"மஞ்சளா, பச்சையா?"

"மஞ்சள்."

"சின்னதா?"

நான் கையில் இருந்ததைத் தூக்கிக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. காது இரண்டும் சிவந்துவிட்டன. படை அதிகாரி, எங்கள் வாடிக்கையாளர், பக்கத்திலேயே நிற்கிறார். இன்ஜினியர் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"அது என் வயித்துல இருக்கு," என்றார்.

காலையில் முதல் ஆளாக அவர்தான் வருவார். வந்ததும் தரையைப் பார்த்தபடி கொட்டகையை ஒரு நடை நடப்பார். பின் சக்கரங்களுக்குக் கட்டை முட்டுக் கொடுத்திருந்ததால் அங்கே இருந்த பழங்கள் கண்ணில் படவில்லை. முன் சக்கரத்துக்குக் கட்டை இல்லை. பழம் உருண்டு நடுத் தரையில் கிடந்திருக்கிறது. பூசைத் தட்டிலிருந்து விழுந்தது என்று நினைத்து எடுத்துக் கேண்டீனில் கொடுத்து, தே-ஓவில், பால் கலக்காத தேநீரில், பிழிந்து குடித்துவிட்டு அதிகாரியைக் கூட்டிவரக் கிளம்பிவிட்டார்.

முதலில் சிரித்தவர் படை அதிகாரி. அப்புறம் எல்லாருக்கும் அனுமதி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. வெல்டிங்காரர் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. தொலைந்த பொருளைக் கண்ணால் பார்த்தால்தான் சிவப்பு அட்டையை எடுக்கலாம்.

"என்னா, என் வயித்தைக் கீறப் போறியா?" என்றார் இன்ஜினியர்.

"தோல் போதும் பாஸ்."

கேண்டீன் பட்டறைக்குப் பின்னால் வேலிப் பக்கம் இருந்தது. கேண்டீன் அக்கா குழாயடியில் உட்கார்ந்து பூசை விளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாம்பலும் எலுமிச்சைத் தோலும்.

"அக்கா, அந்தத் தோல் வேணும்."

"எதுக்கு?"

"பிளேன் மேல போறதுக்கு."

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். "உங்க வீட்டு அம்மாவைக் கோயில் கட்டித்தான் கும்பிடணும்," என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த பாதியைக் கொடுத்தாள். மறு பாதியைக் குப்பைக் கூடையிலிருந்து நானே எடுத்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். முழுப் பழம்தான். சிவப்பு அட்டையை எடுத்தேன். கழற்றின மூடியை மச்சினன் பூட்ட, நான் அதைப் பார்த்து, பலகையை எண்ணி, கையெழுத்துப் போட்டேன். விமானம் ஓடி, எழும்பி, கிந்தா மலைகளின் பக்கமாகத் திரும்பியது.

அது போன பிறகு இன்ஜினியர் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் மச்சினனின் கோப்பு திறந்திருந்தது.

"இவன் விமானத்துப் பக்கம் சாமான் வச்சான். இவனை அனுப்பணும்," என்றார். "நான் தரையில கிடந்ததை எடுத்தேன். எடுத்தவன், கண்டெடுத்த சாமானுக்குன்னு இருக்கிற சிவப்புப் பெட்டியில போட்டு, ஆய்வாளர்கிட்ட சொல்லணும். நான் குடிச்சிட்டேன். என்னை என்ன பண்ணணும்? நீதான் எல்லா ரூலும் தெரிஞ்சவன். சொல்லு."

எனக்குப் பதில் தெரியும். எந்தப் பக்கம், எந்த வரி என்று கூடத் தெரியும். அதோடு இன்னொரு வரியும் தெரியும்.

"இவன் என் மச்சினன், பாஸ். இவன் விசயத்துல நான் கருத்துச் சொல்லக் கூடாது. அதுவும் ரூல்."

"அப்ப வெளியே போ."

போனேன். கதவு சாத்திக்கொண்டது. என் வேலை வாழ்க்கையில் நான் எந்த விமானத்துக்காகவும் அப்படி நின்றதில்லை. உள்ளே இன்ஜினியரின் குரல் தாழ்ந்து கேட்டது, அப்புறம் மச்சினனின் குரல். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும் முன்னே என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் நன்றாக வரவில்லை.

மச்சினன் வெளியே வந்தான். முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

"என்னா சொன்னாரு?"

"ஒரு கேள்வி கேட்டாரு."

"என்னா கேள்வி?"

"முன் சக்கரத்துக்குப் பழம் நசுக்காமலே பிளேன் போயிடுச்சே, பரவாயில்லையான்னு."

"நீ என்னா சொன்ன?"

"மூடியைப் பூட்டினது நான், பாத்தது எங்க மச்சான், அதனால போகும்னேன். பழம் நம்ம மனசுக்குத்தான் பாஸ்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அடுத்த வருசம் என்கிட்ட கேட்டுட்டு வைன்னாரு." சட்டைப் பையிலிருந்து மடித்த கடிதத்தை எடுத்தான். "அடுத்த வருசம்னா நான் இங்க இருக்கணும்லா. கையெழுத்துப் போட்டுட்டாரு."

நான் கடிதத்தை வாங்கி மேலிருந்து கீழே வரை படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அவன் பொறுமையாக நின்றான்.

"உன் அக்காகிட்ட நீயே வந்து சொல்லு," என்றேன்.

"நீங்களே சொல்லுங்க மச்சான். ஒரு நாளாவது உங்களுக்கு வீட்டுல நல்ல பேரு கிடைக்கட்டும். நான் அம்மாகிட்ட போலாம்னு இருக்கேன்."

அன்று சாயங்காலம் அவன் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குப் போய், லயத்து வாசலில், எல்லா வீட்டுக்கும் பொதுவான குழாய்க்குப் பக்கத்தில் வைத்து, மாமியாரிடம் கடிதத்தைக் கொடுத்தானாம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, புந்தோங் வீட்டைப் பற்றி ஒன்று மட்டும் கேட்டாராம்.

"பைப்பு வீட்டுக்கு உள்ளயே இருக்கா?"

"உள்ளயே இருக்கும்மா."

"சரி, அப்ப போலாம்," என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டாராம்.